நாலு மணிக்குத் திறந்த ஆறு வீடுகள்

என் மனைவி குவைத்துக்குப் போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. அங்கே ஒரு வீட்டில் சமையல் வேலை. அந்த வீட்டார் வெள்ளிக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரும் அரை மணி நேரம்தான் அவள் போனைத் தொடலாம். இலங்கையின் நமுனுகுல மலைப்பக்கம் இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அப்போது மாலை நாலு மணி. மற்ற நாளெல்லாம் நான் ஸ்டோரில், அதாவது தேயிலை ஆலையில், கொழுந்து வாட்டுகிறவன். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு மட்டும்தான் ஒருத்திக்குப் புருஷன்.

அவள் போவதற்கு முன் வாங்கி வைத்த ரவுட்டர், ஜன்னல் ஓரத்தில் கவிழ்த்த பிஸ்கட் டின் மேல் இருக்கிறது. எங்கள் லயத்தில் ஒரே வரிசையாக ஆறு காம்பரா, ஒவ்வொன்றும் ஒரு வீடு. மேட்டுப் பக்கம் கடைசியில் இருப்பதால் எங்கள் காம்பராவில் மட்டும்தான் சிக்னல் ஒழுங்காக வரும். பாஸ்வேர்டை யாருக்கும் சொல்லாதே என்று அவளிடம் படித்துப் படித்துச் சொன்னேன். "பீலில தண்ணி புடிக்க வர்றவங்கள வேணாம்னு சொல்லுவமா?" என்று கேட்டுவிட்டு, புறப்படும் அன்று காலையிலேயே ஐந்து வீட்டுக்கும் கொடுத்துவிட்டாள். லயத்துக்கெல்லாம் பொதுவாக ஒரே ஒரு தண்ணீர்ப் பீலி. இனி இணையமும் அப்படித்தான் என்று முடிவு செய்துவிட்டாள்.

விளைவு, வெள்ளிக்கிழமைகளில் அவள் முகம் கட்டம் கட்டமாக வந்தது. "கேக்குதா?", "தெரியுதா?" என்பதிலேயே பாதி நேரம் போனது. மீதிப் பாதியை அக்கம்பக்கம் எடுத்துக்கொண்டது. வெளிநாட்டுப் போன் வந்தால் லயமே வாசலில் வந்து நிற்பது எங்கள் ஊர் வழக்கம். ஆளுக்கு ஒரு வார்த்தை பேசுவார்கள். கொழுந்துக் கூடையை இறக்கிய கையோடு பக்கத்துக் காம்பராத் தங்கச்சி வந்து எட்டிப் பார்த்து, அன்றைக்கு எந்த மலையில் கொழுந்து என்பது வரைக்கும் சொல்வாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. "நான் நல்லாத்தாங்க இருக்கேன்" என்று அவள் சொல்லும்போது முகத்தைப் பார்க்க வேண்டும். வாய் மறைப்பதை அவள் முகம் ஒருநாளும் மறைத்ததில்லை.

தண்ணீர் குறையும் மாசங்களில் நாங்கள் செய்வது ஒன்று உண்டு. பீலியைப் பகலில் மூடி வைத்தால் மேட்டிலுள்ள தொட்டி நிறையும். சாயங்காலம் திறந்தால் தண்ணீர் பாய்ந்து வரும். அதே போல வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணியிலிருந்து நாலு மணி வரை ஒருத்தரும் வைஃபையைத் தொடக்கூடாது, நிறையட்டும் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். ஒருத்தருக்கும் அதில் சந்தேகம் வரவில்லை. பெரிய வகுப்பு படிக்கும் பிள்ளைகள்கூடத் தலையாட்டின. நாலு மணி ஆனது. தொட்டி நிறைந்திருக்கும் என்று நம்பி ஆறு வீடும் ஒரே நேரத்தில் திறந்தது. அன்று கட்டம்கூட வரவில்லை. அவள் பெயருக்குப் பக்கத்தில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது, அரை மணி நேரமும்.

மறுநாள் பதுளையில் போன் கடைக்காரரிடம் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அண்ணே, இது சேத்து வைக்கிற சாமான் இல்ல. அந்தந்த நேரத்துல யாரெல்லாம் இழுக்கிறாங்களோ, அவங்களுக்கெல்லாம் பிரிஞ்சு போகும்." பிறகு என் போனில் ரவுட்டர் கம்பெனியின் ஆப்பைப் போட்டுத் திறந்து காட்டினார். பதினொரு போன்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு பொத்தான். அமுக்கினால் அந்தப் போனுக்கு இணையம் நின்றுவிடும்.

அடுத்த வெள்ளி மூன்றரைக்கு, என் போனை விட்டு மற்றப் பத்துப் பொத்தான்களையும் அமுக்கினேன். யாரிடமும் சொல்லவில்லை. பக்கத்துத் தங்கச்சியின் மகளுக்கு அந்த நேரம் போனில் கணக்கு வகுப்பு நடக்கும். அது தெரிந்தேதான் செய்தேன். பொத்தானை அமுக்கியபோது சந்தோஷமாகக்கூட இருந்தது. கதவையும் சாத்திக்கொண்டேன்.

நாலு மணிக்கு அவள் வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போல அவ்வளவு தெளிவு. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. நெற்றியோர முடி நரைத்திருந்தது. முடியை ஒதுக்கக் கையைத் தூக்கினாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் சுருங்கிப் பளபளத்தது.

"கையில என்ன புள்ள?"

"எண்ணெ தெறிச்சிருச்சு. போன மாசமே ஆறிருச்சுங்க."

போன மாசம் நாங்கள் நாலு தடவை பேசியிருந்தோம்.

தெளிவு அவள் பக்கமும் இருந்தது. நான் அதை யோசிக்கவே இல்லை. என் முகத்தைப் பார்த்தாள். என் தோளுக்குப் பின்னால் சுருட்டாமல் கிடந்த பாயையும் கழுவாத ஒற்றைத் தட்டையும் பார்த்தாள். "என்னங்க இப்படி எளச்சுப் போய்ட்டீங்க?" என்றாள். பிறகு, "ஏன் சத்தமே இல்ல? எங்க எல்லாரும்?" என்றாள்.

மற்றவர்களை நிறுத்தி வைத்ததைச் சொன்னேன். அவள் பேசவில்லை. இத்தனை நாளும் அவள் பேச்சு நின்றபோதெல்லாம் லைன் போய்விட்டது என்று நினைத்திருந்தேன். அன்று லைன் நன்றாக இருந்தது. இன்னும் இருபது நிமிஷம் இருந்தது.

கடைசியில், "அவங்களுக்குத் தொறந்து விட்டுருங்க. இப்படித் தெளிவாப் பாத்தா என்னால இங்க இருக்க முடியாதுங்க" என்றாள். அவள் வர இன்னும் ஒரு வருஷம் இருந்தது.

அன்று பொழுது சாய்வதற்குள் எல்லாப் பொத்தான்களையும் திரும்ப அமுக்கி இணையத்தைத் திறந்துவிட்டுப் பக்கத்துக் காம்பராவுக்குப் போய் நடந்ததை ஒப்புக்கொண்டேன். தங்கச்சி திட்டவில்லை. "கேட்டிருந்தா நாங்களே நிப்பாட்டியிருப்பமேண்ணே" என்றாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அடுத்த வெள்ளி நாலு மணிக்குச் சற்று முன்னால் தங்கச்சியே வந்தாள். "அண்ணே, அஞ்சு வீட்டுலயும் நிப்பாட்டச் சொல்லிட்டேன். அண்ணிகிட்ட நிம்மதியாப் பேசுங்க" என்றாள்.

"வேணாம் தங்கச்சி. எல்லாரையும் போட்டுக்கச் சொல்லு. நீயும் வந்து ஒரு வார்த்த பேசு" என்றேன். இந்த மனுஷனுக்கு என்ன ஆனது என்று பார்த்துவிட்டு, ஒவ்வொரு வாசலாகச் சொல்லிக்கொண்டு போனாள்.

பாயைச் சுருட்டி வைத்தேன். தட்டைக் கழுவிக் கவிழ்த்தேன். நாலு மணிக்கு அவள் கட்டம் கட்டமாக வந்தாள். கை இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பாக ஏதோ அசைந்தது. வாசலில் ஆட்கள் சேர ஆரம்பித்திருந்தார்கள்.

"என்னயத் தெரியுதா புள்ள?" என்று கேட்டேன்.

"நல்லாத் தெரியுதுங்க" என்றாள். "என்னய?"

"நல்லாத் தெரியுது" என்றேன்.