சந்திரகலா முழுங்குன மாத்திரை

சந்திரகலா எனக்கு ஓரகத்தி. என் வீட்டுக்காரரோட தம்பி ராஜேந்திரன் பொண்டாட்டி. வேங்கிக்கால்ல ஒரே வீடு, கீழ நாங்க, மாடியில அவங்க. அவ நல்லவதான். அத மொதல்லயே சொல்லிடறேன், அப்புறம் நான் சொல்றதக் கேட்டுட்டு யாரும் என்னத் திட்டக்கூடாது.

அவளுக்கு ஆறு வருஷமா வயிறு சரியில்ல. சாப்ட்டு எழுந்தா முறுக்கும், உடனே பாத்ரூமுக்கு ஓடணும். வேலூர் போயி ஸ்கேன் பண்ணாங்க, டியூப் விட்டுப் பாத்தாங்க, கொடல்ல ஒண்ணும் இல்லன்னுட்டாங்க. அதுக்கப்புறமும் எழுதிக் குடுத்த மாத்திரயெல்லாம் முழுங்குனா. ஒண்ணும் கேக்கல. பஸ் ஏறவே பயம். கல்யாணத்துக்குப் போனா, மண்டபத்துல பாத்ரூம் எந்தப் பக்கம்னுதான் மொதல்ல கேப்பா. போகப் போக, போறதயே விட்டுட்டா.

அவ எடத்துல நான் போனேன். சீர் தட்டு தூக்க நான், காது குத்துக்கு நான், அவ பொண்ணு ஓவியாவ காலேஜ்ல சேக்கவும் நான். எனக்கு ரெண்டும் பசங்க. ஓவியா பெரிம்மா பெரிம்மானு என் முந்தானையப் புடிச்சிகினே வளந்துச்சு. அதுக்குப் பையன் பொறந்து இங்க இருந்த மூணு மாசமும், தெனம் கால்ல போட்டுக் குளிப்பாட்டுனது நான்தான்.

இப்ப அது பெங்களூர்ல. பிரசவ லீவு முடியுது, வேலைக்குப் போவணும், கொழந்தயப் பாத்துக்க ஆள் வேணும். அம்மாவால முடியாது, நீ வா பெரிம்மானு போன் பண்ணுச்சு. எனக்குத் தல கால் புரியல. அங்க குளுரும்னு ரெண்டு ஸ்வெட்டர்கூட வாங்கிட்டேன்.

அந்த நேரம் பாத்து இவ, டவுனுக்குப் புதுசா வந்த ஒரு டாக்டரம்மாகிட்ட போனா. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, வேளை தவறக்கூடாதுனு ஒரு டப்பா மாத்திர. மூணே வாரம், முறுக்கு கம்மியாயிடுச்சு. ஒருநாள் உழவர் சந்தைக்கே தனியா போயிட்டு வந்து, "அக்கா, நானே பெங்களூர் போலாம்னு இருக்கேன்"னா.

என் வயிறு எரிஞ்சுது. மறைக்கறதுக்கு என்ன இருக்கு.

அப்படி என்ன மாத்திரனு தெரிஞ்சாவணும் எனக்கு. அந்த கிளினிக்ல மருந்து எடுத்துக் குடுக்கற இருசப்பன் எங்க அம்மா ஊர்க்காரர். அவருகிட்ட போயி வாயப் புடுங்குனேன். அதுல மருந்தே இல்லம்மா, சும்மா மாவுதான்னுட்டாரு. எனக்கு வந்த சந்தோஷம் இருக்கே. முட்டி வலியோட மாடிப்படி ஏறுனேன்.

"உன்ன நல்லா ஏமாத்தியிருக்காங்கடி. அதுல மருந்தே கெடையாதாம், வெறும் மாவாம்."

அவ முருங்கக்கீரை ஆய்ஞ்சினு இருந்தா. தலயக்கூடத் தூக்கல. "தெரியும்கா. மொத நாளே டாக்டரம்மா சொல்லிட்டாங்க."

என்னாடி சொல்றன்னு பக்கத்துலயே ஒக்காந்துட்டேன். அந்தம்மா அர மணி நேரம் இவ கதயெல்லாம் கேட்டுட்டு, இதுல மருந்து இல்ல, ஆனா இந்த மாதிரி வயித்துக்கு, தெரிஞ்சே சாப்ட்டாக்கூட சில பேருக்குக் கேக்குது, இஷ்டம்னா சாப்ட்டுப் பாருங்கன்னாங்களாம். ராஜேந்திரன் தையத்தக்கானு குதிச்சாராம். மாவுக்கு எதுக்கு டாக்டரு, நம்ம வீட்ல அரிசி மாவு இல்லயானு கேட்டாராம்.

"கேட்டதுல என்ன தப்பு?"ன்னேன்.

"பொய் சொல்லிக் குடுத்திருந்தா எனக்கும் கோவம் வந்திருக்கும். மருந்து இருக்கறத ஆறு வருஷம் முழுங்கி என்னா கண்டேன்?"

நான் விடல. பஸ்ல போவும்போது நடுவழியில சிங்காரப்பேட்டை தாண்டி முறுக்குனா என்னாடி பண்ணுவன்னேன். கீரையத் தள்ளி வெச்சா.

"எறங்கிக்கறேன். நீ அவனக் குளிப்பாட்டும்போதெல்லாம் நான் பாத்ரூமுக்குள்ள இருந்து கதவு சந்துல பாத்துகினு ஒக்காந்திருந்தேன்கா. எனக்கும் பேரன்தான அவன்?"

கீழ எறங்கி வந்துட்டேன்.

ஆனாலும் மனசு ஆறல. மறுநாள் அதே டாக்டரம்மாகிட்ட போயி, என் முட்டி வலிக்கும் அந்த மாத்திரதான் வேணும்னு கேட்டேன். அமுக்கிப் பாத்தாங்க, எக்ஸ்ரே எடுத்தாங்க. தேஞ்சிருக்கு, எக்சர்சைஸ் பண்ணணும், அந்த மாத்திர உங்களுக்கு சரிவராதுன்னுட்டாங்க. மருந்தே இல்லாத மாத்திர, அதுக்குக்கூட எனக்குக் குடுப்பன இல்ல.

வெள்ளிக்கிழம காலையில அவள பஸ் ஏத்திவிட்டோம். சமைக்கும்போதும் போன் என் கையிலயேதான் இருந்துச்சு. ஒரு மனசு அவளுக்கு ஒண்ணும் ஆவக்கூடாதுன்னுச்சு. இன்னொரு மனசு, முறுக்கட்டும், அடுத்த பஸ்லயே திரும்பட்டும்னுச்சு. மத்தியானம் கூப்ட்டா. "ஓசூர் தாண்டிட்டேன்கா. ஒண்ணும் ஆவல." சரி, பையப் பத்திரமா பாத்துக்கனு சொல்லி வெச்சிட்டேன்.

இப்ப தெனம் வீடியோ கால்ல புள்ளயத் தூக்கிகினு வந்து நிக்கிறா. தூக்கறதப் பாக்கணுமே, இடுப்புல ஒக்கார வெக்கத் தெரியல, ஒரு பக்கமா சரியுது கொழந்த. ரெண்டு வாட்டி சொல்லிட்டேன். சிரிக்கிறா.