இதில் குழந்தை சாகிறதா?

உங்களுக்கு முன்னால் எங்களுக்கு ஒரு பெண் குழந்தை இருந்தது உங்களுக்குத் தெரியும். வீட்டில் அவள் படம் கிடையாது. அதனால் நீங்கள் அதிகம் கேட்டதில்லை, நாங்களும் சொன்னதில்லை. ஒன்பது மாதம் இருந்தாள். ஒரு ஐப்பசி மழையில் நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகும் வழியிலேயே போய்விட்டாள். அதற்குப் பிறகு உங்கள் அம்மாவுக்காக நான் புத்தகம் தேடி அலைந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அப்போது ஆரம்பாக்கத்தில் இருந்தோம். கும்மிடிப்பூண்டியில் கம்பெனிகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்த காலம். போல்ட்டு செய்யும் ஒரு சின்ன ஷெட்டில் எனக்கு வேலை. காலை ரயிலில் போய்ச் சாயந்திரம் திரும்புவேன். காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் எல்லோரும் போன பிறகு உங்கள் அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். பேச்சு இல்லை. வைத்த சோறு வைத்தபடி இருக்கும். நான் திரும்பி வரும்போது அதன் மேல் ஈ உட்கார்ந்திருக்கும்.

உங்கள் பெரியம்மா கொஞ்ச நாள் கூட இருந்து பார்த்தாள். ஊருக்குக் கிளம்பும்போது என்னை வாசலுக்குக் கூப்பிட்டாள்.

“தம்பி, இவ இப்டியே கெடந்தா எழுந்துக்க மாட்டா. இவளுக்கு புக்குன்னா உசுரு. திருவள்ளூர்ல இருந்தப்ப லைப்ரரியே கதின்னு கெடப்பா. எதுனா நல்ல கதையா கொண்டாந்து குடு.”

“சரிக்கா.”

“கொழந்த சாவற கதை கிதை எடுத்தாந்துடாத. அதோட முடிஞ்சிடும் இவ கதை.”

நான் எட்டாவதோடு நின்றவன். எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். ஒரு புத்தகம் முடிக்க எனக்கு ஒரு மாதம் ஆகும். இவள் இரண்டு நாளில் முடிப்பவள். நான் எப்படிப் படித்துப் பார்த்துக் கொடுப்பது?

நூலகம் கும்மிடிப்பூண்டியில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பின்னால், ஒரு பழைய அரிசி மண்டியில் இருந்தது. உள்ளே போனால் தவிட்டு வாசனை அடிக்கும். புத்தகங்களுக்கெல்லாம் ஒரே மாதிரி பச்சைத் துணி அட்டை போட்டுத் தைத்திருப்பார்கள். படம் கிடையாது. பெயரைப் பார்த்து உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்ல முடியாது. வாசல் பக்கம் ஒரு நீளப் பெஞ்சு. படித்துத் திருப்பிய புத்தகங்கள் அதில் கிடக்கும். எல்லோரும் அலமாரிப் பக்கம் போகாமல் அந்தப் பெஞ்சில்தான் எடுப்பார்கள். யாரோ ஒருவர் கடைசிவரை படித்துத் திருப்பியது என்றால் நம்பி எடுக்கலாம் என்று ஒரு எண்ணம். திருப்பியவரும் சும்மா போக மாட்டார். பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்று, எடுக்க வருகிறவரிடம் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போவார்.

முதல் நாள் அங்கே நின்றவர் ரயில்வே கேட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

“யாருக்குப்பா, உனக்கா?”

“ஊட்ல இருக்கறவங்களுக்கு.”

“அப்ப இத எடுத்துக்கினு போ. படிச்சிட்டு ரெண்டு நாளு எனக்கு சோறு எறங்கலை.”

அந்தப் பெஞ்சில் ஒரு புத்தகத்தை இதைவிடப் புகழ்ந்து சொல்ல முடியாது. நல்ல கதை, நல்ல நடை என்றெல்லாம் அங்கே யாரும் சொல்வதில்லை. எவ்வளவு அழுதோம், எத்தனை வேளை சாப்பிடவில்லை என்றுதான் சொல்வார்கள். என் வீட்டில் சோறு இறங்காமல் ஒருத்தி படுத்திருக்கிறாள். நான் அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டேன்.

“இதுல கொழந்த சாவுதாண்ணே?”

அவர் சந்தோஷமாகத் தலையை ஆட்டினார். “சாவும். அந்த எடத்துலதான் கதையே.”

வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தேன். அதில் இரட்டைக் குழந்தை, இரண்டும் போய்விடும் என்றார். அதற்கு அடுத்ததில் பிரசவத்திலேயே போய்விடுகிறது என்றார். அன்று வெறுங்கையோடு ரயில் ஏறினேன்.

இப்படியே தினமும் போனேன். யார் எதைச் சொன்னாலும் அதே கேள்விதான் கேட்பேன். காரணம் சொல்ல வாய் வரவில்லை. சில நாளில் என்னைக் கண்டாலே சிரிக்க ஆரம்பித்தார்கள். அங்கே தெலுங்குக்காரர் ஒருவர், ஜவுளிக்கடை வைத்திருந்தவர், நான் படியேறும்போதே குரல் கொடுப்பார்.

“வந்துட்டாருய்யா, சாவு வேணாங்கறவரு. நைனா, ஜாதகம் பாத்துதான் புக்கு எடுப்பியா? அப்ப பஞ்சாங்கத்த எடுத்துக்கினு போ. அதுல யாரும் சாவ மாட்டாங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு நின்றேன். அந்த ரயில்வே கேட்டுக்காரர் மட்டும் என் முகத்தைப் பார்த்தார். வெளியே கூட்டிக்கொண்டு போய் விசாரித்தார். சொன்னேன். அவர் உள்ளே போய் மற்றவர்களிடம் என்ன சொன்னாரோ, நான் திரும்பி வந்தபோது ஜவுளிக்கடைக்காரர் எழுந்து எனக்கு இடம் விட்டார்.

அன்று நடந்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நூலகர் உட்பட எல்லோரும் அலமாரி அலமாரியாகப் போய்ப் புத்தகம் எடுத்தார்கள். “இது ஆவும், கல்யாணக் கதை” என்பார் ஒருவர். “எங்க ஆவும், மூத்த தாரத்துப் புள்ள கெணத்துல வுழுதே” என்பார் இன்னொருவர். ராஜா கதையில் பட்டத்துப் பிள்ளைக்கு விஷம் வைக்கிறார்கள். துப்பறியும் கதையில் முதல் பக்கத்திலேயே பிணம். “பணக்காரன்தான நைனா சாவறான், போனா போறான்” என்றார் ஜவுளிக்கடைக்காரர். “நாலாவது அத்தியாயத்துல அவன் மவளும் போயிடுவா” என்றார் கேட்டுக்காரர். இத்தனை வருஷம் தாங்கள் ஆசையாகப் படித்ததில் இத்தனை பிள்ளைகள் செத்திருப்பது அவர்களுக்கே அன்றுதான் தெரிந்தது போலிருந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கடைசியில் நூலகர் ஒரு மெல்லிய புத்தகத்தைக் கொண்டுவந்தார். கோழி வளர்ப்பைப் பற்றியது. “கதையே இல்லப்பா. பயப்படாம கொண்டுபோ” என்றார். எல்லோருக்கும் மூச்சு வந்தது.

உங்கள் அம்மா பக்கத்தில் வைத்தேன். இரண்டு நாள் அது கிடந்த இடத்திலேயே கிடந்தது. மூன்றாம் நாள் நான் வேலையிலிருந்து வந்தபோது அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். சத்தம் செய்யாமல் செருப்பைக் கழற்றினேன்.

“மாமா.”

அவள் பேசியே ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. “இன்னாம்மா?” என்றேன்.

“தரை ஈரமா இருந்தா குஞ்சு நிக்காதாம். நெஞ்சுல சளி கட்டிக்குமாம். இந்த புக்குல போட்டுக்குது.”

குஞ்சுகள் ஏன் சாகின்றன என்று அந்தப் புத்தகத்தில் ஒரு அத்தியாயமே இருந்திருக்கிறது. நூலகர் அதைப் படித்திருக்கவில்லை. நானும் படிக்கவில்லை.

“நம்ம ஊட்டுத் தரையும் ஈரந்தான” என்றாள்.

மழைக்காலத்தில் அந்தத் தெருவில் எல்லார் வீட்டுத் தரையும் ஊறும். எல்லார் வீட்டிலும் குழந்தை இருந்தது. இதைச் சொல்லலாமா, சொன்னால் ஆறுதலா, இல்லை இன்னும் கொடுமையா என்று புரியாமல் நின்றேன். அவளும் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

“கொழந்த செத்துப்போற கதை எதுனா இருந்தா கொண்டாந்து குடு” என்றாள்.

“அதெல்லாம் எதுக்கும்மா?”

“போன பின்னால அந்தப் பொம்பள இன்னா பண்ணான்னு பாக்கணும்.”

மறுநாள் நூலகத்தில் இதைச் சொன்னேன். கேட்டுக்காரர் பெஞ்சில் கிடந்த ஒன்றை எடுத்துக் கடைசிப் பக்கங்களைப் புரட்டிவிட்டுக் கீழே வைத்தார். அடுத்ததையும் புரட்டினார்.

“இதுல அந்தம்மாவும் செத்துடுதுப்பா. இதுல கொழந்தையப் பொதைக்கிறதோட கதை முடிஞ்சிடுது.”

“பொதைச்சிட்டு ஊட்டுக்குப் போனதும் இன்னா ஆவுதுன்னு இல்லியாண்ணே?”

“நானும் அதத்தான் பாக்கறேன். எழுதலயேப்பா.”

ஜவுளிக்கடைக்காரர் இன்னும் சிலவற்றைக் கொண்டுவந்தார். ஒன்றில் பத்து வருஷம் கழித்து என்று அடுத்த அத்தியாயம் தொடங்கியது. அந்தப் பத்து வருஷமும் அவள் என்ன செய்தாள் என்று அதிலும் இல்லை. அவர் என் தோளைத் தொட்டார். நூலகம் மூடும் நேரம் ஆயிற்று.

வீட்டுக்கு வந்தேன். உங்கள் அம்மா என் கையைத்தான் முதலில் பார்த்தாள்.

“ஒண்ணு கூடவா இல்ல?”

“இல்லம்மா. எல்லாரும் தேடிப் பாத்துட்டாங்க. அந்த எடத்துக்கு அப்புறம் யாரும் எழுதல.”

அவள் கேட்டாள். “நீ இன்னா பண்ண மாமா?”

“எப்போ?”

“அவ போன பின்னால.”

அதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. யோசித்துப் பார்த்தேன். சொல்லும்படி ஒன்றும் இல்லை.

“கம்பெனிக்குப் போனேன். லைப்ரரிக்குப் போனேன். ரயிலு ஏறி ஊட்டுக்கு வந்தேன்.”

“சோறு துன்னியா?”

“சில நாளு.”

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். நான் பிடிக்கப் போனேன், வேண்டாம் என்று கையைக் காட்டினாள். அடுப்பங்கரையில் பானையைத் திறந்து, காலையில் நான் வடித்து வைத்த சோற்றில் தண்ணீர் ஊற்றிக் கரைத்தாள். ஒரே தட்டில் போட்டு எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தாள். நான் சாப்பிட்டேன். அவள் ஒரு பிடி எடுத்து நெடுநேரம் கையிலேயே வைத்திருந்தாள். நான் பார்த்தால் கீழே போட்டுவிடுவாளோ என்று பயந்து, தலை நிமிராமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.