டிரைவர் வீராசாமி மீது நான் சுமத்திய பழி

வெள்ளிக்கிழமை காலைப் பூசை முடிந்து மாதா கோயில் படியிறங்கினேன். வாசலில் சைக்கிளைப் பிடித்தபடி டிரைவர் வீராசாமி அவர்களின் மைத்துனர் நின்றிருந்தார். "மாமா விடிகாலைல போயிட்டாரு, மிஸி" என்றார். தாதிகளான எங்களை இவ்வூரில் அப்படித்தான் அழைப்பார்கள். மூன்று மாதமாகப் படுக்கையில் கிடந்தவர்தான், எதிர்பார்த்த செய்திதான். ஆனாலும் திரும்பிப் போய் உள்ளே உட்கார்ந்துவிட்டேன். அழுகை வரவில்லை. ஒரு காரியத்தை எழுதி முடிக்க வேண்டும் என்ற எண்ணம் மட்டும் வந்தது.

வீராசாமி அண்ணன் நாகப்பட்டினத்திலிருந்து இந்தத் தீவுக்குக் கப்பலேறி வந்தவர். வெள்ளைக்காரர் ஒருவர் வீட்டில் மோட்டார் காரைக் கழுவும் வேலையில் சேர்ந்து, ஓட்டவும் பழுது பார்க்கவும் தாமே கற்றுக்கொண்டார். நான் வேலை செய்யும் பிரசவ விடுதிக்கு ஒரு சிறிய கார் வாங்கியபோது அதற்கு அவரை அமர்த்தினார்கள். ஊரெங்கும் பிரசவம் பார்க்க என்னை ஒன்பது ஆண்டுகள் ஏற்றிச் சென்றார்.

முதல் வாரம் மலை வளைவுகளில் எனக்குத் தலை சுற்றியது. "தூரத்துல ஒரு மரத்தப் பாத்துக்கிட்டு வாங்க, மிஸி" என்றார். பிறகு என்னிடம் கேளாமலே அந்த வளைவுகளில் வண்டியை மெதுவாக விடத் தொடங்கினார். ஒருமுறை ஆயர் ஈத்தாம் சந்தையருகே பின் இருக்கையிலேயே ஒரு பெண்ணுக்குக் குழந்தை பிறந்தது. சாளரத்தை மறைத்துப் போர்வையைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பாமல், எட்டிப் பார்க்க வந்தவர்களை அதட்டி விரட்டியபடி முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றார்.

இரண்டாம் ஆண்டில் நடந்ததை இனிச் சொல்ல வேண்டும். காரின் எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் நிற்கும் தொட்டி ஒன்று உண்டு. பழைய எண்ணெயை வடிப்பதற்கு அதன் அடியில் ஒரு திருகாணி இருக்கும். ஒரு நாள் காலை எண்ணெய் மாற்றிய அண்ணன், ஒரு சொட்டும் கசியக்கூடாது என்று அந்தத் திருகாணியை இன்னும் ஒரு சுற்று இறுக்கினார். உள்ளே திருகாணியைப் பற்றிப் பிடிக்கும் மரை அறுந்துவிட்டது. நூலைச் சுற்றி ஒருவாறு பொருத்தி வைத்தார். தொழிற்பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோகப் புறப்படும் வேளையில் மலைக்கு அப்பாலுள்ள பாலிக் பூலாவிலிருந்து ஆள் வந்தது. கிராம்புத் தோட்டத்தில் ஒரு பெண்ணுக்கு வலி கண்டு இரண்டாம் நாள்; பிள்ளை வரவில்லை.

அண்ணன் எதையும் மறைக்கவில்லை. மரை போனதையும் தன் கைதான் அதைக் கெடுத்தது என்பதையும் சொன்னார். "மலை ஏறுறதுக்குள்ள கழண்டாலும் கழலும், மிஸி. வாடகைக் காடி புடிச்சிட்டுப் போனா நல்லது" என்றார். வாடகைக் கார் தேடினால் நேரமாகும் என்று நான்தான் மறுத்தேன். இதிலேயே போவோம் என்று சொன்னவள் நான்தான்.

மலை உச்சியை நெருங்கும்போது திருகாணி விழுந்தது. எண்ணெய் சாலையில் கோடாக வழிந்தது. அண்ணன் அந்த நொடியே எஞ்சினை நிறுத்தினார். கொய்யாக் கிளை ஒன்றை வெட்டி, துளையின் அளவுக்குச் செதுக்கினார். என் பையிலிருந்த கட்டுத்துணியைச் சுற்றி அடித்து இறுக்கி, கழலாமல் கம்பியால் கட்டினார். வண்டியில் எண்ணெய் அரை டின்தான் இருந்தது. பற்றாத குறைக்கு, பிரசவத்துக்காக நான் கொண்டுபோன விளக்கெண்ணெய்ப் புட்டிகள் அத்தனையையும் ஊற்றினோம். கார் கிளம்பியது. ஆனால் ஒரு மணி நேரம் போயிருந்தது.

பெண் குழந்தை உயிரோடு பிறந்தது. தாயின் இரத்தப்போக்கை என்னால் நிறுத்த முடியவில்லை. பதினெட்டு வயதுதான் இருக்கும். என் கையைப் பிடித்தபடியே போனாள்.

வெளியே வந்தபோது அண்ணன் கார் கதவைத் திறந்துகொண்டு நின்றார். தோட்டத்து ஆட்கள் எல்லாரும் கேட்க நான் சொன்னேன்: "அந்த ஒரு மணி நேரம் இருந்திருந்தா அவ பொழச்சிருப்பா, அண்ணே." அவர் தலை குனிந்தார்.

மறுநாள் சீனர் ஒருவரின் கடைசல் பட்டறையில் அந்தத் துளையைச் சற்றே பெரிதாக்கிப் புதிய மரை வெட்டச் செய்தார். அதற்கேற்ற பித்தளைத் திருகாணியையும் பக்கத்தில் நின்று கடையச் செய்து வாங்கினார். அதன்பின் ஒவ்வொரு முறை புறப்படும் முன்பும் காருக்கு அடியில் படுத்துக் கையால் தொட்டுப் பார்ப்பார். எழுந்து, "பாத்தாச்சு, மிஸி" என்பார். மழைச் சேற்றிலும் படுத்தார். என் வார்த்தை டிரைவர்களிடையே பரவிவிட்டது. ஒரு தாயின் சாவுக்குக் காரணமானவர் என்று அவர் முதுகுக்குப் பின்னால் பேசினார்கள்.

அந்தச் சாவு நடந்த அடுத்த வாரமே எங்கள் டாக்டர் என் குறிப்புகளைப் படித்துவிட்டு, நெடுநேர வலியில் கருப்பை முந்தின இரவே சுருங்கும் வலுவை இழந்திருக்க வேண்டும் என்றும், எத்தனை மணிக்குப் போயிருந்தாலும் அங்கே காப்பாற்றியிருக்க முடியாது என்றும் தெளிவாகச் சொன்னார். அதை நான் அண்ணனிடம் சொல்லவில்லை. சொன்னால், அந்த வண்டியிலேயே போவோம் என்று பிடிவாதம் செய்தவள் யார் என்ற பேச்சும் எழும். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று ஏழு ஆண்டுகளை ஓட்டிவிட்டேன்.

மூன்று வாரங்களுக்கு முன் சுங்கை பினாங்கில் அவர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். கேட்டுக்கொண்டே கிடந்தார். "இது ஒங்களுக்கு எப்பத் தெரியும், மிஸி?"

"அடுத்த வாரமே தெரியும், அண்ணே."

சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்தார், அது ஆறிப்போனது. எழுந்துவிடலாமா என்று நினைத்தபோது அண்ணன் திரும்பினார். கண்கள் நனைந்திருந்தன.

"செத்துப்போன அந்தப் புள்ள மொகம் தெனம் வரும், மிஸி. இனிமேயும் வரத்தான் செய்யும். ஆனா நான் தலைய நிமித்திப் பாக்கலாம்லா" என்றார். பிறகு, "சொல்லிட்டீங்களே, அது போதும்" என்றார்.

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இவ்வூர் டிரைவர்கள் இதை வாசிப்பார்கள், வாசிக்கக் கேட்பார்கள் என்று நம்புகிறேன். வீராசாமி அவர்கள் ஒரு திருகாணியின் மரையைக் கெடுத்தார். கெடுத்ததை உடனே ஒப்புக்கொண்டார். அவரால் எந்த உயிரும் போகவில்லை. பொய்யான பழியைச் சுமத்தியவள் நான். உண்மை தெரிந்த பிறகும் அதைச் சுமக்க விட்டவளும் நான்.

அந்த வெள்ளிக்கிழமை மாலை அவரைப் பத்து லஞ்சாங் மயானத்துக்கு எடுத்துச் சென்றார்கள். பாலத்தருகே சாலையோரமாகக் கார்களும் லாரிகளும் வரிசையாக நின்றன. டிரைவர்கள் இறங்கித் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். கரும்பு ஏற்றி வந்த மாட்டுவண்டிக்காரர் மாடுகளை ஓரம்கட்டி வழிவிட்டார். பெண்கள் அதற்கு மேல் போவதில்லை. பாலத்தின் இப்பக்கம் நின்று சிலுவை அடையாளமிட்டேன். பூ தூவிய பாடை அக்கரையில் இறங்கி, மரங்களின் நிழலுக்குள் போயிற்று.

போய் வாருங்கள், அண்ணே. தலை நிமிர்ந்தே போங்கள்.