கல்யாண வீட்டில் மட்டும்

என் கணவருக்கு நாகர்கோவிலில் மோட்டார் காயில் கட்டும் கடை. சாயங்காலம் கடையை அடைத்தால் மதுக்கடைக்குப் போய்விட்டுத்தான் வீட்டுக்கு வருவார். ஏச்சும் அடியும் கிடையாது, வந்ததும் தூங்கிவிடுவார். ஆனால் மகளின் பள்ளி ஆண்டு விழாவில் முன்வரிசையில் உட்கார்ந்து குறட்டை விட்ட பிறகு அவருக்கே வெட்கமாகிவிட்டது.

கீரிப்பாறை ரப்பர் தோட்டத்தில் வேலை பார்க்கும் அவருடைய கூட்டாளியும் இதே ரகம். இருவரும் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். நிறுத்த வேண்டாம், குறைத்தால் போதும். இனிமேல் கல்யாண வீட்டில் மட்டும்.

"அளவோட இருந்தா ஒரு கேடும் இல்லட்டி," என்றார். நானும் நம்பினேன்.

ஆனி மாதம் நன்றாகத்தான் போனது. ஆடி பிறந்ததும் எங்கள் ஆட்கள் வீட்டில் கல்யாணம் நின்றுபோனது. கடற்கரைப் பக்கம் அவருக்கு இத்தனை சிநேகிதர்கள் இருப்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கிறிஸ்தவ வீடுகளுக்கு ஆடி ஒரு தடையில்லையே. குளச்சல், முட்டம் என்று வெள்ளை வேட்டியில் கிளம்பிக்கொண்டே இருந்தார். தேய்ப்புக் கடைக்காரர் என்னிடம், "அண்ணன் கட்சியில சேந்தாச்சா?" என்று கேட்டார்.

ஒருநாள் முட்டத்துக் கல்யாணத்துக்குப் போனவர் மத்தியானமே திரும்பிவிட்டார். வாயில் வாடை இல்லை. அடுக்களை வாசலில் வந்து நின்றார்.

"என்ன அத்தான், சாப்பாடு சரியில்லியா?"

"பந்தியில ஒரு பெரியவரு, நீங்க மாப்பிள வீடா, பொண்ணு வீடான்னு கேட்டாரு. எனக்கு ரெண்டு பேரையும் தெரியாதுட்டி."

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எனக்குக் கொஞ்சமா குடிக்க வராது. ஒண்ணுமே வேண்டாம்னு இருக்கதுதான் லேசு," என்றார்.

மறுநாளே டாக்டரிடம் போனோம். சிலரால் குறைத்துக்கொள்ள முடியும், சிலர் அடியோடு விட்டால்தான் உண்டு என்றார் அவர். திடீரென்று விட்டால் உடம்பு தாங்காது என்று மருந்து கொடுத்துப் சில நாள் ஆஸ்பத்திரியிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டார். கைநடுக்கம் நிற்கும்வரை காயில் சுற்றும் வேலையைக் கடைப் பையன்களே பார்த்தார்கள்.

கூட்டாளி இன்றும் கல்யாணத்துக்குப் போனால் ஒரு பீர் குடிப்பார், அத்தோடு சரி. எனக்குச் சந்தேகம்தான். அவர் மனைவியிடமே கேட்டுவிட்டேன். உண்மைதான் என்றாள். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. என் கணவருக்கு அந்தப் பொறாமைகூட இல்லை. "அவனுக்கு முடியுது, எனக்கு முடியல. அவ்வளவுதான்," என்கிறார்.

இப்போது ஏழு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுகிறார். இரண்டு வருடமாக நான் பார்த்துவரும் சீரியலை அவரும் பார்க்கிறார். பார்ப்பதோடு விட்டாலும் பரவாயில்லை. மாமியார் பக்கம்தான் நியாயம் என்று என்னிடம் சண்டைக்கு வருகிறார்.