நளன் குளத்தில் கண் சிமிட்டிய பாம்பு

கல்யாணமான முதல் வருஷமே எனக்கு ஏழரைச் சனி பிடித்தது. எண்பதுகளின் தொடக்கம். காரைக்காலிலிருந்த மாமியார் ஒரு புது வேட்டியைக் கையில் திணித்து, மனைவியின் அண்ணனையும் துணைக்குச் சேர்த்து, திருநள்ளாற்றுக்குத் துரத்தினார். எண்ணெய் தேய்த்து நளன் குளத்தில் முழுக வேண்டும். உடுத்திய பழைய வேட்டியை அங்கேயே விட்டுவிட வேண்டும். புதியதைக் கட்டிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும்.

முழுகினேன். பழையதை விட்டேன். இடுப்பில் ஈரத் துண்டு மட்டும். படியில் வைத்த புது வேட்டியை எடுக்கக் குனிந்தால், மடிப்புக்குள்ளிருந்து செம்பு நிறத்தில், விரல் தடிமனில் ஒன்று வழவழவென்று தலை நீட்டியது.

"பாம்பு!"

கத்தியது நான்தான் என்பது, மறுபடி குளத்துக்குள் கழுத்தளவு நிற்கும்போதுதான் உறைத்தது.

மைத்துனர் மேல்படியில் சாவகாசமாக நின்றார். "ஏறி வாங்க மாப்பிள. பழசையே கட்டிக்கிட்டுப் போயிரலாம்."

"சனிக்கு விட்டதையா? உங்கம்மா வாசப்படி ஏத்த மாட்டாங்க."

"அப்ப துண்டோட பஸ் ஏறுங்க. கண்டக்டர் அரை டிக்கெட்தான் போடுவாரு."

அதற்குள் யாரோ ஒருவர் தடியோடு வந்துவிட்டார். ஓங்கிப் போட்டால் பாம்போடு என் வேட்டியும் நாசம். தண்ணீரில் நின்ற எனக்கு அதன் முகம் நேருக்கு நேர். அது என்னைப் பார்த்தது. பார்த்துவிட்டுக் கண்ணைச் சிமிட்டியது.

பாம்புக்கு ஏது இமை? பள்ளிக்கூடம் போய் எனக்கு மிஞ்சிய ஒரே அறிவு அன்றுதான் வேலைக்கு வந்தது. உற்றுப் பார்த்தேன். கழுத்தையொட்டி, அரிசி அளவில் இரண்டு கால்கள்!

"அடிக்காதீங்க! பாம்பில்ல, பாம்பரணை! விஷமே கிடையாது!"

"அப்படின்னா நீங்களே எடுங்க" என்றார் தடிக்காரர்.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். பல் தந்தியடிக்க ஏறினேன், குளிர் என்றேன். கண்ணை இறுக மூடிக்கொண்டு பிடித்தேன். அரணை வாலை மட்டும் என் கையில் விட்டுவிட்டுப் புல்லுக்குள் போய்விட்டது. நான் அலறி உதறிய வால், படியில் விழுந்து தனியாகத் துள்ளியது. தடிக்காரர் தடியைப் போட்டுவிட்டு ஓடினார். மைத்துனர் அவருக்கும் முன்னால்.

படித்துறையில் நான் ஒருவன்தான் நின்றேன். கால் எழும்பியிருந்தால் நானும் ஓடியிருப்பேன்.

வேட்டியை மூன்று முறை உதறிக் கட்டிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன். பஸ் அருகில் மூச்சு வாங்க நின்ற மைத்துனர் கேட்டார்: "வாலு இன்னும் ஆடுதா மாப்பிள?"

"திரும்பிப் பாக்கக் கூடாதுங்க."

மதியம் மாமியார் வீட்டில், பளபளக்கும் புது வேட்டியில் உட்கார்ந்த, பாம்பை வெறுங்கையால் பிடித்த மாப்பிள்ளைக்குப் பாயசம் இரண்டு முறை. அது அரணை என்று மைத்துனர் சொல்லவில்லை. அவர் ஓடியதை நானும் சொல்லவில்லை.