குரங்கணி மேட்டில் சொன்ன ஜெபம்

போடிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில் எனக்கு என் மேலேயே ஒரு மனத்தாங்கல் இருந்தது. ஆசிரியப் பயிற்சி படித்துக்கொண்டிருந்த காலத்தில், ஒரு நற்செய்திக் கூட்டத்தில், ஆண்டவருக்காக உழைக்க முன்வருகிறவர்கள் எழுந்து நிற்கலாம் என்று பிரசங்கியார் சொன்னபோது முதல் ஆளாக எழுந்து நின்றவள் நான். மலைநாட்டில் எங்கோ ஒரு ஓலைக்கொட்டகைப் பள்ளிக்கூடம், சாயங்காலமானால் குடிசை குடிசையாகப் போய் நற்செய்தி சொல்வது என்று மனசுக்குள் படம் வரைந்து வைத்திருந்தேன். படிப்பு முடிந்த கையோடு ஏலக்காய் வியாபாரம் செய்யும் கிறிஸ்தவக் குடும்பத்திலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். மாப்பிள்ளை சிரித்த முகம். எனக்கும் பிடித்துப் போயிற்று. அப்பாவிடம், அப்படியானால் என் ஊழியம் என்று இழுத்தேன். போடியிலும் மனுஷர்கள்தானே இருக்கிறார்கள் என்று சொல்லி அப்பா பேச்சை முடித்துவிட்டார்.

மனுஷர்கள் இருந்தார்கள், வேண்டிய மட்டும் இருந்தார்கள். முன்னால் கடை, பின்னால் வீடு. நடுமுற்றத்தில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து ஏலக்காய் தரம் பிரிப்பார்கள். மூட்டை வரும், மூட்டை போகும். யாராவது வந்து காப்பி குடிப்பார்கள். இந்தச் சந்தடியில் எனக்கென்று ஒரு ஜெபவேளை வேண்டும் என்று விடியுமுன் எழுந்து, அரிசிப் பானைக்குப் பக்கத்தில் முழங்கால் போடுவேன். கண்ணை மூடியதும் உளுந்து ஊறப் போட்டோமா என்ற நினைப்பு வரும். அதைத் தள்ளினால், போன ஞாயிற்றுக்கிழமை எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவள் கட்டியிருந்த சேலையின் கரை வரும். அந்தக் கரை என்ன நிறம், மாம்பழமா மயில் கழுத்தா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே பால்காரர் குரல் கொடுத்துவிடுவார்.

இதற்கு நடுவில் மாதர் சங்கத்தில் என்னை ஜெபம் செய்யச் சொன்னார்கள். படித்த மருமகள் என்று எல்லாரும் ஆவலாகத் தலை குனிந்தார்கள். ஒரே நோயாளிக்காக இரண்டு முறை வேண்டினேன். பிறகு வேறெதுவும் தோன்றாமல், பழக்க தோஷத்தில், எங்களுக்கு முன்பாக இருக்கும் இந்த ஆகாரத்தை ஆசீர்வதியும் என்று முடித்தேன். முன்பாக ஆகாரம் ஒன்றும் இல்லை. பாய்தான் இருந்தது. போதகரம்மாவே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் வீட்டுக்கு வந்து, ஆண்டவர் அன்றைக்கு அந்த நற்செய்திக் கூட்டத்தில் ஆள் தெரியாமல் என்னை எழுப்பிவிட்டார் என்று முடிவு கட்டினேன்.

அந்த வருஷம் காய் எடுப்பு தொடங்கியபோது, குரங்கணிக்கு மேலே இருந்த எங்கள் ஏலத் தோட்டத்தைக் கவனித்துக்கொண்டிருந்த கங்காணி வழுக்கி விழுந்து கால் முறிந்து ஊரில் படுத்துவிட்டார். என் கணவரே போய்த் தங்க வேண்டியதாயிற்று. என்னையும் கூட அனுப்ப அத்தை, என் மாமியார், தயங்கவே இல்லை.

"போயிட்டு வா ஆத்தா. இங்கன சோலி பாக்க ஆளு இருக்கு. அங்கன அவனுக்குச் சோறு பொங்கத்தான் ஆளு இல்ல" என்றார்.

மலை என்றதும் எனக்குள் பழைய படம் எழுந்து உட்கார்ந்துகொண்டது. துணிமணியோடு வேதத்தையும் பாட்டுப் புத்தகத்தையும் கட்டிக்கொண்டேன். குரங்கணிவரை ஜீப்பு, அதற்கு மேல் நடைதான். காலில் ஏறிய அட்டைகளைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டே, ஞாயிற்றுக்கிழமை என்ன பேசலாம் என்று யோசித்தபடி ஏறினேன்.

தோட்டத்தில் எங்களுக்கு ஒரு சின்ன வீடு, காய் எடுப்பவர்கள் தங்க வரிசை அறைகளாக ஒரு லயம், காயை அனல் மூட்டி உலர்த்த ஸ்டோர் என்று ஒரு கல் கட்டடம். வேலை செய்தவர்கள் பெரும்பாலும் தேவாரம் பக்கத்துக்காரர்கள். மலையின் அந்தப் பக்கத்திலிருந்து வந்த மலையாளக் குடும்பங்களும் கொஞ்சம் இருந்தன. கிறிஸ்தவர்கள் சில பேர்தான். ஆனாலும் முதலாளி வீட்டம்மா கூப்பிடுகிறாள் என்று முதல் ஞாயிற்றுக்கிழமை எல்லாருமே ஸ்டோருக்கு வந்துவிட்டார்கள்.

நான் இயேசு சொன்ன விதைக்கிறவன் உவமையை எடுத்துக்கொண்டு விஸ்தாரமாகப் பேசினேன். வாரம் முழுக்கக் குனிந்து காய் எடுத்த உடம்புகள். வெளியே தூறல், உள்ளே அனலின் இதமான சூடு. விதை வழியருகே விழுவதற்குள் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். உவமையின் கடைசியில் வரும் நல்ல நிலத்துக்கு நான் வந்தபோது, அடுப்பில் வைத்துவிட்டு வந்த குழம்பு தீயும் வாசனை வந்தது. பிரசங்கத்தை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். திரும்பி வந்தபோது என் கணவர் மட்டும் இருந்தார். பிரசங்கம் நன்றாகத்தான் இருந்தது, குழம்புதான் அடிப்பிடித்துவிட்டது என்றார். நான் சிரிக்கவில்லை. அழுகை வந்தது. அவர் சட்டியைத் தேய்த்துக் கொடுத்தார்.

அந்த வாரத்திலேயே மழை பிடித்துக்கொண்டது. ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்யும் என்பார்கள். அது விடவே இல்லை. ஓடையின் மேல் போட்டிருந்த மரப்பாலத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. கீழே போகவும் வழியில்லை, மேலே யாரும் வரவும் வழியில்லை. லயத்தின் கூரை ஒழுகத் தொடங்கியதும் எல்லாரையும் ஸ்டோருக்குள் வரச் சொல்லிவிட்டார் என் கணவர். காய், கம்பளி, சட்டி பானை, பிள்ளைகள் என்று ஒரே அறையில் ஒரு ஊர் குடியேறியது.

அதில் ஒரு மலையாளப் பெண்ணுக்குக் கடும் காய்ச்சல். என்னைவிட இளையவள். அவள் புருஷன் சாமான் வாங்கப் போடிக்கு இறங்கியவன், பாலம் போனதில் அந்தப் பக்கமே மாட்டிக்கொண்டான். கைக்குழந்தை வேறு. அது தவழத் தெரிந்த, ஓரிடத்தில் இருக்கத் தெரியாத பயல். எப்படியோ என் இடுப்பில் வந்து ஏறிக்கொண்டான், இறங்க மறுத்துவிட்டான். அவனைச் சுமந்துகொண்டே எல்லாருக்கும் கஞ்சி காய்ச்சினேன். சுக்கும் மிளகும் தட்டி அவளுக்குக் கஷாயம் வைத்தேன். ஈரத் துணிகளை அனல் பக்கம் விரித்துத் திருப்பிப் போட்டேன். சூடான சுவரோரம் யாருக்கு என்று இரண்டு பெண்கள் சண்டை பிடித்தார்கள். அவர்களுக்கு நடுவே நானே போய்ப் படுத்துக்கொண்டேன். வேதத்தைத் திறக்க நேரமில்லை. முழங்கால் போட இடமே இல்லை. மலைக்கு வந்தும் ஜெபத்தை விட்டுவிட்டாயே என்று உள்ளே ஒரு குரல் குத்திக்கொண்டே இருந்தது.

ஒரு நாள் பொழுது சாயும் நேரத்தில், நெற்றியில் ஈரத்துணியைப் போட்ட என் கையை அந்தப் பெண் பிடித்துக்கொண்டாள்.

"சேச்சி, எனக்கு வேண்டி ஒண்ணு பிரார்த்திக்கணும்."

சுற்றியிருந்தவர்கள் எங்கள் பக்கம் திரும்பினார்கள். மாதர் சங்கத்துப் பாய் என் கண்முன் வந்து போனது. அழகான சொற்களைத் தேடினேன், ஒன்றும் அகப்படவில்லை. இடுப்பில் பிள்ளையோடு நின்றபடியே கண்ணை மூடினேன்.

"ஆண்டவரே, இவளுக்குக் காய்ச்சல் எறங்கணும். ஓடைக்கு அந்தப் பக்கம் நிக்கிற இவ வீட்டுக்காரரு பத்திரமா வந்து சேரணும். மழை கொஞ்சம் வெறிக்கணும். இருக்கிற அரிசி எல்லாருக்கும் காணணும்." அந்த நேரம் பார்த்துப் பயல் என் தாலிச் சங்கிலியை இரண்டு கையாலும் பற்றி இழுத்தான். "விடுறா, கழுத்து அறுந்துரும். ஆமென்."

ஸ்டோர் முழுக்கச் சிரிப்பு. காய்ச்சல்காரியும் சிரித்தாள், சிரித்து இருமினாள். சண்டை போட்ட இருவரில் ஒருத்தி, திருநீறு பூசின நெற்றியோடு, "ஆமென்" என்று சத்தமாகச் சொல்ல, மற்றவர்களும் ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். எனக்கு வெட்கமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. அன்றைக்கு ஜெபம் செய்த அந்தக் கொஞ்ச நேரம் என் மனசு எங்கும் போகவில்லை என்பது பிறகுதான் உறைத்தது.

இரண்டொரு நாளில் அவளுக்கு வேர்த்துக் காய்ச்சல் இறங்கியது. கஷாயமா, ஜெபமா என்று என்னைக் கேட்டவர்கள் உண்டு. எனக்குத் தெரியாது. நான் இரண்டையும்தான் கொடுத்தேன். மழை வெறித்ததும் ஆண்கள் மரம் வெட்டிப் பாலத்தைத் திரும்பப் போட்டார்கள். முதல் ஆளாக ஓடிவந்தவன் அவள் புருஷன். தலையில் அரிசி மூட்டை, முகத்தில் உயிரே இல்லை. மகன் என் இடுப்பிலிருந்து இறங்கி அவனிடம் போக மறுத்துக் கத்தியபோதுதான் அவனுக்குச் சிரிப்பு வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் யாரையும் கூப்பிடவில்லை. காய் எடுப்பவர்களில் வயதான ஒருத்தி வாசலில் வந்து நின்றாள்.

"அன்னைக்குச் சொன்னியே, அதுமாதிரி சுருக்கமாச் சொல்லு ஆத்தா. யாரு யாருக்கு என்ன வேணும்னு நாங்க சொல்றோம்."

பின்னால் எல்லாரும் நின்றார்கள். ஒருவருக்கு முழங்கால் வலி. ஒருவருடைய தோட்டத்தில் யானை புகுந்துவிட்டதாம், இனி வரக்கூடாது. ஒருத்திக்கு ஆடு சினையாக வேண்டும். ஆட்டுக்காக ஜெபிக்கலாமா என்று போதகரிடம் கேட்டுவிட்டு வரலாமோ என்று யோசித்தேன். போதகர் போடியில் இருந்தார், ஆடு இங்கே இருந்தது. ஜெபித்துவிட்டேன். சுருக்கமாகக் கேட்டவர்கள்தான், சொல்லி முடிக்க வெகுநேரம் ஆயிற்று. யாரும் தூங்கவில்லை. கடைசியில் உவமையிலிருந்து கொஞ்சம் வாசித்தேன், அதையும் கேட்டார்கள்.

அதற்குப் பிறகு நான் மாறிவிட்டேன் என்று சொன்னால் என் வீட்டார் சிரிப்பார்கள். மாதர் சங்கத்தில் மறுபடியும் தடுமாறியிருக்கிறேன். நான் இதற்கெல்லாம் தகுதியானவளா என்ற சந்தேகம், கார்த்திகை மாத ஜலதோஷம் மாதிரி வந்து போய்க்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் ஜெபத்தில் யாருடைய முகமாவது குறுக்கே வந்தால் இப்போது தள்ளுவதில்லை. வந்தவருக்கும் சேர்த்து ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு வருஷமும் காய் எடுப்புக்கு மலைக்குப் போனேன். கங்காணியின் கால் சரியான பிறகும் போனேன்.

மழையில் மாட்டிக்கொண்ட அந்த முதல் வருஷக் கிறிஸ்துமஸுக்குத் தோட்டத்து ஆட்கள் மலையிலிருந்து போடிக்கு இறங்கி வந்தார்கள். கிறிஸ்தவர்கள் மட்டும் வருவார்கள் என்று நினைத்தேன். ஆராதனை தொடங்கிய பிறகு வாசலில் ஒரு சலசலப்பு. திரும்பிப் பார்த்தால் மொத்தத் தோட்டமும் நிற்கிறது, காலில் செம்மண்ணோடு. எங்கே உட்காருவது என்று தயங்கியவர்களைப் போதகரம்மா முன்வரிசைப் பாய்க்கே கூட்டிக்கொண்டு போனார். அடுத்த பாட்டு வந்ததும் அந்த மலையாளப் பெண் வரி தெரியாமலே ராகத்தைப் பிடித்துக்கொண்டு எல்லாரையும்விட உரக்கப் பாடினாள்.

மத்தியானம் எங்கள் முற்றத்தில் பந்திமேல் பந்தி நடந்தது. சோறு காணாமல் அத்தை மறுபடி உலை வைத்தார். என் கணவர் இலைக்கட்டைத் தூக்கிக்கொண்டு, "வெரசா உக்காருங்கப்பா, கறி ஆறுது" என்று இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடிக்கொண்டிருந்தார்.