கதவுக்குள் வைத்த வைக்கோல்

புது ரெக்சினை வெயிலில் விரித்தால் ஒரு காரமான வாசனை கிளம்பும். மூக்கில் ஏறித் தொண்டை வரைக்கும் இறங்கும். அறுபதுகளின் கடைசியில், ஆரம்பாக்கத்துக்குக் கிழக்கே ஏரிக்கரையில் இருந்த எங்கள் குப்பத்தில், அம்மா ஒரு பச்சை ரெக்சினை வாசலில் விரித்து நாலு மூலைக்கும் கல் வைத்தபோது எனக்குப் பதினோரு வயது. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன்.

"நைனா", எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம், படகை விற்றுவிட்டு, எத்தனையோ கை மாறி வந்த ஒரு பழைய காரை வாங்கி ரயில் ஸ்டேஷனிலிருந்து ஊர்களுக்கு வாடகை ஓட்டிக்கொண்டிருந்தார். மீன் பிடிக்கிற வீட்டில் கார் வந்தால் சும்மா விடுவார்களா? "கருவாட்டு காரு" என்று பேர் வைத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்கு என்றால் ஏறுவார்கள், நல்ல காரியத்துக்கு ஒருத்தரும் கூப்பிட மாட்டார்கள். வகுப்பில் அந்தப் பேரைச் சொன்ன இரண்டு பேரை நான் கடித்தே வைத்திருக்கிறேன். அப்படிப்பட்ட காரை, மேற்கே நெல் விளைகிற ஊர்க்காரர்கள், கல்யாணப் பெண்ணை மாப்பிள்ளை ஊருக்கு அனுப்பக் கேட்டார்கள். பேசிவைத்திருந்த வண்டி கடைசி நேரத்தில் படுத்துக்கொண்டதால்தான் கேட்டார்கள். ஆனாலும் கேட்டார்களே!

தொல்லை என்னவென்றால், பின் சீட்டுக் கதவின் உள்பக்க அட்டை மழையில் ஊறி உதிர்ந்து, வெறும் தகரமும் கிரீஸும் பல்லைக் காட்டின. பட்டுப்புடவை கட்டிய பெண் அங்கே எப்படி உட்காருவாள்? மெட்ராஸுக்குப் போய்ச் செய்துவர நாளில்லை. நைனா தலையில் கைவைத்துவிட்டார். வலை கட்டுகிற கைக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று அம்மா முந்தானையை இழுத்துச் செருகினாள். தேயிலைப் பெட்டிப் பலகையின் மேல் உதிர்ந்த அட்டையை வைத்துக் கரியால் கோடு போட்டு, கண்ணாடி இறக்குகிற கைப்பிடிக்கு ஓட்டை விட்டு அறுத்தாள். மெத்தென்று இருக்கவேண்டுமே என்று பழைய நூல் வலையை மடித்து மடித்து மேலே பரப்பினாள். ரெக்சினை இழுத்து மூடி, பின்பக்கம் செருப்பு ஆணியால் அடித்தாள். கதவில் பொருத்தியபோது கார் கம்பெனிக்காரன்கூட அப்படிச் செய்திருக்க மாட்டான் என்றுதான் நினைத்தோம்.

கல்யாணத்துக்கு முதல் நாள் பெண்ணின் தாய்மாமன் வண்டி பார்க்க வந்தார். தடவிப் பார்த்தார், மெச்சினார், உள்ளே ஏறிக் கதவைச் சாத்தினார். வெயிலில் நின்ற வண்டி. மறுநிமிஷமே இறங்கி, மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு, நைனாவிடம் மெதுவாகக் கேட்டார்: "வண்டி நல்லா தான் கீது. உள்ள இன்னாப்பா, மீன் கூடை கீதா?"

எத்தனையோ வருஷம் ஏரியில் கிடந்த வலை! எங்கள் யாருக்கும் அது நாறவில்லை. பிறந்த நாள் முதல் அதுதானே எங்களுக்குக் காற்று. நைனாவுக்கு முகம் செத்துவிட்டது. எனக்கு அந்த மாமனையும் கடிக்கலாம் போலிருந்தது.

அம்மா நேரே கதவுக்குப் போனாள். பலகையைக் கழற்றினாள், ஆணியைப் பிடுங்கினாள், வலையை உருவி எறிந்தாள். பிறகு அவர் எதிரில் வந்து நின்றாள்.

"அண்ணே, உங்க ஊட்டு வைக்கோல் ஒரு கட்டு குடுத்தனுப்புங்க. அந்த வாசனையாவது உங்களுக்குப் புடிக்கும்ல?"

மாமன் துண்டை மூக்கிலிருந்து எடுத்தார். அப்புறம் வயிறு குலுங்கச் சிரித்தார். சாயங்காலமே மாட்டு வண்டியில் வைக்கோல் வந்து இறங்கியது. அம்மா அதை நறுக்கி, உலக்கையால் இடித்து மிருதுவாக்கி, பழைய வேட்டியில் திணித்து மெத்தையாகத் தைத்தாள். பலகையைக் கழுவிக் காயவைத்து மறுபடி மூடி அடித்தாள். சாய்ந்தால் லேசாகச் சரசரக்கும், அவ்வளவுதான்.

கல்யாணத்தன்று நைனா போய்வந்து சொன்னது இது. ஊர் எல்லை தாண்டும்வரை விசும்பிக்கொண்டு வந்த பெண், கதவில் தலை சாய்த்தாளாம். கொஞ்ச நேரத்தில் அழுகை நின்றுவிட்டதாம். "அண்ணே, எங்க களத்துல குந்திக்கினு இருக்குற மாதிரியே கீது" என்றாளாம். இதைக் கேட்டதும் அம்மா திரும்பிக்கொண்டு அடுப்பை ஊதினாள், எரிகிற அடுப்பை! அந்தத் தாய்மாமன் ஸ்டேஷன் டீக்கடையில் நாலு பேர் கேட்க, இனிமேல் தங்கள் வீட்டுக் கல்யாணம் எதுவானாலும் இந்த வண்டிதான் என்றார். அந்தத் தை மாதம் முழுக்க நைனாவுக்கு உட்கார நேரமில்லை.

இன்று அந்தப் பக்கமெல்லாம் தொழிற்சாலை, கம்பெனி பஸ். எங்கள் கார் காயலான் கடைக்குப் போய் எத்தனையோ காலமாயிற்று, டீக்கடை இருந்த இடமும் தெரியவில்லை. போன மாதம் போயிருந்தபோது, வயசான ஒரு டிரைவரிடம் "கருவாட்டு காரு" ஞாபகமிருக்கிறதா என்று கேட்டேன். அப்படி ஒரு பேரைக் கேள்விப்பட்டதே இல்லை என்றார். போன பொருளுக்கெல்லாம் வருத்தப்படுகிறவள்தான் நான். அந்தப் பேர் போனதற்கு மட்டும் அங்கேயே நின்று வாய்விட்டுச் சிரித்தேன்.